வெதுவெதுப்பான இரண்டு டைல்ஸ்

குளிர்காலத்தில் கரண்ட் பில் கூடுகிறது என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால் சிரித்துக்கொண்டே எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் எடுத்தேன். கோடையில் பில் எகிறினால் ஏசிதான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்கழி மாதம் ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து போட்டிருக்கிற வீட்டில் பில் இறங்கவில்லை என்றால் அந்த வீடு ஏதோ சொல்லப் பார்க்கிறது. அது சொன்னதைக் கேட்க, முப்பத்தைந்து வருஷம் இந்த வேலையில் இருந்த நானே இரண்டு தடவை போக வேண்டியிருந்தது.

புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. ஏழாவது வரைதான் படிப்பு. தூத்துக்குடியிலிருந்து சவூதியில் ஜுபைலுக்கு ஹெல்ப்பராக வந்து இறங்கியபோது டெஸ்டரைத் தலைகீழாகப் பிடித்தவன் நான். அப்புறம் அபுதாபிப் பக்கம் ருவைஸில் எட்டு வேன், முப்பது ஆட்கள், என் கையெழுத்தில் சொந்த மெயின்டனன்ஸ் கம்பெனி. பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்கள் என் ஆபீஸ் வாசலில் நின்று, அண்ணாச்சி ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கம்ப்ரஸர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டு, இது வைகாசி தாண்டாது என்பேன். தாண்டினதில்லை. பெருமையாகப் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உழைத்துச் சம்பாதித்த பெருமை, அதைப் பெட்டியில் பூட்டி வைத்து என்ன செய்ய?

ஆனால் இன்றைக்குச் சொல்லப் போவது நான் தோற்றுப் போன கதை. தோற்றதையும் சொன்னால்தான் ஜெயித்ததை நம்புவீர்கள்.

அதற்கு முன்னால் ஜுபைலில் எனக்கு வாய்த்த போர்மேனைப் பற்றிக் கொஞ்சம். யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் வேண்டாம், வெளியே பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. ஒல்லியான மனிதர், மெதுவாகத்தான் நடப்பார், அதட்டிப் பேசியே நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது இரண்டு நாள் காதுக்குள் கிடக்கும்.

ஜுபைல் குளிர் நம் ஊர்க் குளிர் மாதிரி இல்லை. கடலிலிருந்து வருகிற காற்று நாங்கள் தங்கிய கேபின் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு நேரே எலும்புக்குள் வந்துவிடும். கேம்பில் ஆளாளுக்குத் திருட்டுத்தனமாக ஒரு சின்ன ஹீட்டர் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் மத்தியானம் ஒரு கேபினில் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தது. தூக்கிவிட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி விழும். நான் பெரிய பிரேக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு மாட்டப் போனேன். பெரிதாகப் போட்டால் விழாது, வேலை கலாஸ், முடிந்தது, அவ்வளவுதான் என் அறிவு.

போர்மேன் வந்து என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஐசே, அந்த அறைக்குள்ள போய்ச் சும்மா இரும். ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் ஒண்டும் செய்யாதையும்" என்றார்.

எனக்குக் கோபம். வேலை செய்ய வந்தவனை டீ குடிக்கச் சொல்கிறாரே என்று. போய் ஒரு கட்டிலில் உட்கார்ந்தேன். ஆட்கள் எல்லாம் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். தகரம் காற்றில் முனகியது. யாரோ காயப்போட்ட பனியன் மெதுவாக ஆடியது. டீ பாதி இறங்கியபோது மூக்கில் ஒரு வாசம் தட்டியது, கம்பளி கருகுகிற மாதிரி. குனிந்து பார்த்தேன். எதிர்க் கட்டிலுக்கு அடியில், போர்வையின் ஓரம் மூடிக்கிடந்த இடத்தில், யாரோ அணைக்காமல் போன ஹீட்டருக்கு வெறும் டேப் சுற்றிய ஒரு ஒயர் மூட்டு. தொட முடியாத சூடு. நான் பெரிய பிரேக்கர் போட்டிருந்தால் அது விழாமல் நின்றிருக்கும். அந்தக் கேபினில் எட்டு பேர் தூங்குவார்கள்.

வெளியே வந்து, கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். என் முகத்தில் பெருமை இருந்திருக்க வேண்டும்.

"நீர் காணேல்லை. அறை காட்டினது" என்றார் அவர்.

இந்தப் பாடத்தை நான் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். அப்புறம் வேன்கள் வந்தன, ஆட்கள் வந்தார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் இருபது நிமிஷம், அடுத்த வீடு. சும்மா உட்கார எங்கே நேரம்? அந்தப் பாடம் எந்த வேனில் எந்தக் கருவிக்கு அடியில் போய்விட்டது என்று தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ருவைஸைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் பழைய வில்லாக்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். அதில் ஒன்றில் முரளி என்று ஒரு எஞ்சினியர், திருச்சிக்காரர், பிளான்ட்டில் வேலை. மனைவி வித்யா. இரண்டாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை. மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலை அவர் போன் செய்தார். வீட்டில் ஏசியே ஓடவில்லை, ஆனால் பில் கோடைப் பில்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றார். நான் சிரித்தேன். அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்றைக்குப் பனிமூட்டம். இங்கே குளிர்காலப் பனி எப்படி இருக்கும் என்று நீங்கள் போகப் போகப் பார்ப்பீர்கள். ரோடு இல்லை, கடல் இல்லை, பாலைவனம் இல்லை. எல்லாம் பால் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். எண்ணெய் ரிஃபைனரியின் நெருப்பு மட்டும் வானத்தில் தனியாக, கம்பம் இல்லாமல், ஒரு செம்பருத்திப் பூ மாதிரித் தொங்கும். ஒட்டகம் ஒன்று ரோட்டோரமாகத் தோன்றி, என்னைப் பார்த்து, மறைந்தது. வண்டி ஓட்டுகிறேனா மிதக்கிறேனா என்று தெரியாமல் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் வித்யா தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் குளிர்காலம்தான் செடி வைக்கிற காலம். நாலு தக்காளி, ஒரு பாத்தி வெந்தயக்கீரை, தொட்டியில் கறிவேப்பிலை, இடுப்பு உயரத்துக்கு ஒரு முருங்கைக் கன்று. பனிக்குள் அந்தப் பச்சை மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி வீடு என்று ஒன்று இருப்பதை அப்புறம்தான் கண்டேன்.

முரளி பில்களை எல்லாம் வரிசையாகப் பைலில் போட்டு, கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்து, வாசலுக்கே எடுத்து வந்திருந்தார். படித்தவர் அல்லவா. அவர் நிதானமாகத்தான் சொன்னார். முன்பெல்லாம் கம்பெனியே பில் கட்டியது, இந்த வருஷத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஓவர்டைமும் போய்விட்டது. குளிர்காலத்திலேயே இவ்வளவு என்றால் ஆனி ஆடியில் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்.

"இது குறையலேன்னா இவங்களை ஊருக்கு அனுப்புறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை, அண்ணாச்சி. நான் எங்கயாவது ஒரு பெட்ஸ்பேஸ் பார்த்துக்குவேன்" என்றார்.

வித்யா அதைக் கேட்டுக்கொண்டே குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். அந்தப் பேச்சு அந்த வீட்டில் பல தடவை நடந்து முடிந்த பேச்சு என்று அந்த நடையிலேயே தெரிந்தது.

பெட்ஸ்பேஸ் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்டில், ஒரு ஆணி, ஆணியில் சட்டை. இருபத்திரண்டு வருஷம் நான் அப்படி இருந்தவன். என் மகள் வளர்ந்ததை நான் போட்டோவில்தான் பார்த்தேன். அதனால் அந்த வார்த்தை கேட்டதும் இந்தக் குடும்பத்தைப் பிரிய விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். கெட்டிக்காரனுக்கு இரக்கமும் வந்துவிட்டால் ஆபத்து. அவசரப்படுவான்.

உள்ளே போகும்போது வாசலில் வித்யா என் காலைப் பார்த்தார். நான் சேஃப்டி ஷூ போட்டிருந்தேன். அதைக் கழற்றச் சொல்கிறார் என்று புரிந்தது. என் கம்பெனியில் ஒரு சட்டம். நானே போட்டது. டியூட்டியில் ஷூவைக் கழற்றவே கூடாது. ஒருவன் காலில் டிரில் விழுந்ததிலிருந்து அப்படி. அதைக் கொஞ்சம் பெரிய குரலில் சொன்னேன்.

"சாமி படம் இருக்கிற வீடு அண்ணாச்சி. அந்த ஷூவுக்குள்ளயும் மனுஷக் கால்தானே இருக்கு?" என்றார் வித்யா.

சட்டம் சட்டம்தான் என்றேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. பழைய நியூஸ்பேப்பரை எடுத்து வந்து, வாசலிலிருந்து நடைவழி முழுக்க, கிச்சன் வரைக்கும், ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போனார். நான் அதன்மேல் ராஜா மாதிரி நடந்து போனேன். இதை மறந்துவிடாதீர்கள், பேப்பர்மேல் நடந்து போனேன்.

நடைவழியில் நடுவாக ஒரு இடத்தில் துணி மடித்து வைத்திருந்தது, பக்கத்தில் குழந்தையின் கலர் பென்சில்கள் கிடந்தன. வித்யா அவற்றை நகர்த்திவிட்டுப் பேப்பர் விரித்தார். ஹால் இவ்வளவு பெரிதாக இருக்க, இங்கே நடைவழியில் எதற்கு உட்காருகிறீர்கள் என்று சும்மா கேட்டேன்.

"என்னமோ தெரியல. இந்த இடத்துல உட்கார்ந்தா இளவெயில்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு. பாப்பாவும் ஸ்கூல் விட்டு வந்தா இங்கதான் படுத்துத் தூங்குறா. எழுப்பவே மனசு வராது."

அங்கே ஜன்னலே கிடையாது. வெயில் வர வழியே இல்லை. சரிம்மா, மனசுக்குப் பிடிச்ச இடம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போனேன். தம்பிமார்களே, கேஸ் அங்கேயே முடிந்துவிட்டது. பதிலை என் கையில் கொடுத்துவிட்டார். நான் அதை மிதித்துக்கொண்டு போனேன்.

பாத்ரூமுக்கு மேலே தண்ணீர் ஹீட்டர். வீட்டில் யாரும் குளிக்கவில்லை, ஒரு குழாயும் திறக்கவில்லை, ஆனால் கிளாம்ப் மீட்டரை வைத்தால் ஹீட்டர் கரண்ட் இழுத்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் பார்த்தேன், கொஞ்சம் நின்றது, மறுபடி இழுத்தது. உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன்: ஹீட்டர் பழசு, உள்ளே கெட்டுப் போச்சு, மாற்ற வேண்டும். இங்கே கரண்டுக்கும் தண்ணீருக்கும் ஒரே பில்; அதில் தண்ணீரும் கூடியிருக்கிறதே என்று முரளி கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. வாசலில் பார்த்தேனே, தோட்டம். இந்த மண் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும், குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஒரு நோயை இரண்டாக வெட்டி, இரண்டுக்கும் தனித்தனி மருந்து கொடுத்தேன். இரண்டும் தப்பு மருந்து. ஒரே வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு விஷயம் சேர்ந்து கெட்டால், அது இரண்டா ஒன்றா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

அன்றைக்கே புது ஹீட்டர் மாட்டினேன். அதோடு விட்டேனா? இது நல்ல சரக்கு, சூடானதும் தானாக நின்றுகொள்ளும், போட்டுப் போட்டு அணைத்து விளையாடாதீர்கள், அதுதான் கரண்ட் தின்னும் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். இது சுத்தப் பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, தெரியாமல் கெத்தாகச் சொன்னது. குளிக்க அரைமணிக்கு முன்னால் போட்டு, குளித்ததும் அணைக்கிறதுதான் சரி. அதைவிட, ஆள் இல்லாத வெளி பாத்ரூமில் ஒரு ஹீட்டர் குளிர்காலம் முழுக்க எரிந்துகொண்டிருக்கும், வீட்டுக்காரருக்கே தெரியாது. அதையும் பாருங்கள். இந்த வீட்டில் அது இல்லை, ஆனால் பத்து வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதம் போனது. முரளியிடமிருந்து போன் வந்தபோது நான் பாராட்டை எதிர்பார்த்துத்தான் எடுத்தேன்.

பில் அப்படியேதான் வந்திருந்தது. தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கரண்ட் குறையவில்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "உங்க மேல குறை இல்ல அண்ணாச்சி. மார்ச்ல லீவு விட்டதும் ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் வித்யா போனை வாங்கினார்.

"அண்ணாச்சி, பில் கிடக்கட்டும். பொங்கல் வெள்ளிக்கிழமைல வருது, லீவுதானே, காலைல வீட்டுக்கு வந்துடுங்க. இங்க எங்களுக்கு இதுதான் கடைசிப் பொங்கல். சாப்பிட ஒருத்தராவது வரணும்."

தோற்றவனைப் பொங்கலுக்குக் கூப்பிடுகிற மனசு யாருக்கு வரும்? போகாமல் இருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் கரும்பு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். கருவிப் பெட்டியை எடுக்கவில்லை. அன்றைக்கு நான் மெக்கானிக் இல்லை, விருந்தாளி. வேட்டி கட்டியிருந்தேன். காலில் செருப்பு.

அன்றைக்கும் பனி. ரிஃபைனரி நெருப்பு இருந்த இடத்தில் இருந்தது. வாசலில் தக்காளிச் செடிகள் காய்ந்து குச்சியாக நின்றன. கறிவேப்பிலை மஞ்சளாகி இருந்தது. நான் குறைக்கச் சொன்ன தண்ணீர். முருங்கைக் கன்று மட்டும் ஏனோ பிடிவாதமாக உயிரோடு இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். வித்யா குனிந்து பார்த்துவிட்டு, இன்றைக்குச் சட்டம் லீவா என்று கேட்டார். கிச்சனில் பால் பொங்குகிற வாசம் வந்தது. வாங்க, சாமி கும்பிட வாங்க என்று முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

தரை ஐஸ் மாதிரி இருந்தது. விரலை மடக்கிக்கொண்டு நடக்கிறேன். ஒரு அடி, இரண்டு அடி. அப்புறம் என் கால் எங்கேயோ வேறு நாட்டில் இறங்கியது.

எப்படிச் சொல்ல? வெதுவெதுப்பு. தூத்துக்குடியில் உப்பளத்து வரப்பில் காலை ஒன்பது மணிக்கு வெறுங்காலோடு நின்றால் இருக்குமே, அந்தச் சூடு. சுடாது. ஏறும். உள்ளங்காலிலிருந்து கணுக்கால், அங்கிருந்து முழங்கால் என்று பூனை மாதிரி ஏறும். அடுத்த அடி வைத்தேன், இன்னும் இருந்தது. அதற்கடுத்த அடி, மறுபடி ஐஸ்.

பின்னால் வந்தேன். வெதுவெதுப்பு. நின்றேன். வித்யா கிச்சனுக்குள் போய்விட்டார். குலவை மாதிரி குக்கர் விசிலடித்தது. நான் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கை இரண்டையும் தரையில் வைத்தேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. பால் வாசம், வெளியே பனி, திறந்த வாசல் வழியாக அந்த வெள்ளை வெளிச்சம். கண் சொக்கியது. அந்தக் குழந்தை எப்படி இங்கே தூங்கிப் போகும் என்று புரிந்தது. எனக்கே தூக்கம் வந்தது. அரைக் கண்ணில் அந்த யாழ்ப்பாணத்து மனிதர் எதிர்ச் சுவரில் சாய்ந்து தேத்தண்ணீர் குடிப்பது போல இருந்தது. என் ஸ்க்ரூ டிரைவர் இன்னும் அவர் சட்டைப் பையில். சொல்ல வேண்டியதை எல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, என்ன ஆச்சு? மயக்கமா?" முரளி ஓடி வந்தார்.

நான் வித்யாவைக் கூப்பிட்டேன். "எம்மா, அன்னைக்கு இந்த இடத்தைப் பத்தி என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. கையில் கரண்டியோடு நின்றவர், "இளவெயில்ல உட்கார்ந்த மாதிரி இருக்கும்னு" என்றார்.

"எப்ப இருந்து?"

அவர் யோசித்தார். "தீபாவளி சமயத்துல இருந்து."

முரளி பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். அவர் வரைந்த கோடு மேலே ஏறத் தொடங்கிய மாதமும் அதுதான். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் அந்தப் படித்த மனிதரும் பேன்ட்டோடு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தார்.

மிச்சம் எல்லாம் சின்ன வேலை. வெளியே போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம். வீட்டில் ஒரு குழாயும் திறக்கவில்லை, ஆனால் மீட்டருக்குள் இருக்கிற குட்டிச் சக்கரம் அரைத் தூக்கத்தில் இருக்கிற மாதிரி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் ஹீட்டரிலிருந்து வெளியே வருகிற வால்வை மூடினேன். முரளி வெளியிலிருந்து, நின்றுவிட்டது அண்ணாச்சி என்றார். திறந்தேன். சுத்துது என்றார். மூடினேன். நின்றது. ஹீட்டரிலிருந்து கிச்சனுக்குப் போகிற சுடுதண்ணீர்க் குழாய் நடைவழித் தரைக்கு அடியில் ஓட்டையாகி, சுட வைத்த தண்ணீரை எல்லாம் இரவும் பகலும் மண்ணுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. பழைய ஹீட்டர் நன்றாகத்தான் இருந்தது. புது ஹீட்டரும் பாவம், ஓயாமல் பாலைவனத்தைச் சுடவைத்துக்கொண்டிருந்தது. தோட்டத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். தப்பு நம்முடையது என்று தெரிந்ததும் வாய் தானாகச் சாக்குத் தேடும். குழாய் தரைக்கு அடியில் இருந்தால் யாருக்குத் தெரியும், வில்லாக்காரன் போட்ட மட்டமான குழாய் என்று எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. வித்யா அப்போது வாசல் பக்கம், காய்ந்த தக்காளிச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் வந்த சாக்கு உள்ளேயே போய்விட்டது.

"நீங்க அன்னைக்கே சொல்லிட்டீங்கம்மா. நான்தான் கேட்கலை" என்றேன்.

அவர் சிரித்தார். "கேட்டீங்க அண்ணாச்சி. பேப்பர் மேல நின்னுக்கிட்டுக் கேட்டீங்க."

புது ஹீட்டருக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். ருவைஸில் எந்தக் கம்பெனிக்காரனாவது கொடுப்பானா, விசாரித்துப் பாருங்கள். டைல்ஸை உடைக்கவும் விடவில்லை. உடைத்தால் வில்லாக்காரரிடம் அனுமதி, தூசி, ஒரு வாரம் வீடு நாசம். பழைய லைனை அப்படியே அடைத்துவிட்டு, சீலிங்குக்கு மேலே புதுக் குழாய் ஒன்றை நானே ஏறி இழுத்துக் கொடுத்தேன். அந்த வயதில் ஏணி ஏறினேன். எட்டு வேனுக்குச் சொந்தக்காரன்.

போகும்போது வித்யாவிடம் சொன்னேன், இனி அந்த இடம் குளிர்ந்துவிடும் என்று. ஒரே நாளில் ஆறாது, கீழே மண் முழுக்கச் சூடு குடித்திருக்கிறது, மெல்ல மெல்ல ஆறும். அவர் தலையை ஆட்டினார். குழந்தை மட்டும், "வொய் அங்கிள்? இட்ஸ் மை பிளேஸ்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ ரிப்பேர் செய்திருக்கிறேன், செய்த ரிப்பேருக்காக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டது அன்றைக்குத்தான். அந்தக் குழந்தையிடம்.

ஒரு மாதம் நான் போன் மணி அடித்தாலே திடுக்கிட்டேன். அடுத்த பில் வந்த அன்றைக்கு முரளியே கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் கோடு கீழே இறங்கிவிட்டது, கோடையைச் சமாளித்துவிடலாம் என்று தெரிகிறது என்றார். குரலில் ஏதோ இளகியிருந்தது. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்.

"சார், அந்த மார்ச் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டீங்களா?"

"இல்ல அண்ணாச்சி. ரிட்டர்னும் சேர்த்துப் போட்டுட்டேன்."

உங்களிடம் இப்போது சுவருக்குள் சூட்டைப் பார்க்கிற கேமரா எல்லாம் இருக்கிறது. நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கேமராவை ஹீட்டருக்கு நேரே பிடித்துவிட்டு, பேப்பர்மேல் நடந்து வெளியே வந்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும். வீட்டுக்காரர்கள் பில்லைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். பில்லைப் பற்றி இல்லாத பேச்சையும் கேளுங்கள். எங்கே துணி மடிக்கிறார்கள், குழந்தை எங்கே தூங்குகிறது, எந்த மூலைக்குப் போகப் பிடிக்கவில்லை. அவர்கள் டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் உட்கார்ந்து குடியுங்கள். ஷூவைப் பற்றி என் கம்பெனியில் போட்ட சட்டத்தையும் நான் மாற்றினேன். டிரில் பிடிக்கும்போது ஷூ. வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது வெறுங்கால்.

போன மார்கழியில், வேலையை எல்லாம் கம்பெனிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஓய்ந்த பிறகு, ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனேன். பனிக்குள் முதலில் தெரிந்தது பச்சைதான். முருங்கை என் தலைக்கு மேலே போய்ப் பூத்திருந்தது. தக்காளிப் பாத்தி இரண்டாகி இருந்தது. வித்யா கதவைத் திறந்துவிட்டு, வாங்க அண்ணாச்சி என்று உள்ளே போனார். உள்ளிருந்து குழந்தை சத்தமாகப் பாடம் படிக்கிற குரல், முரளி எதையோ திருத்துகிற குரல்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். நடைவழியில் அந்த இடம் வந்ததும் என் கால் தானாக நின்றது. ஒரு சின்னப் பாய் போட்டிருந்தார்கள், மேலே பாதி மடித்த துணி. பாயின் ஓரத்தைக் கட்டை விரலால் நகர்த்திவிட்டு இரண்டு பாதத்தையும் அந்த இரண்டு டைல்ஸ் மேல் வைத்தேன்.

சில்லென்று இருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை.